எரிவது தொடை, நெரிவது இடுப்பு

பாபநாசத்தில் மலையிறங்கிப் புன்னைக்காயலில் கடல் சேரும் வரை தாமிரபரணிக் கரையில் எந்த ஊர் மருத்துவரைக் கேட்டாலும் இந்த முறையீடு அவருக்குப் பழக்கமானதாகவே இருக்கும்: "தொடைக்கு வெளிப்பக்கம் எரியுது. தொட்டா மதமதன்னு இருக்கு. சாரம் உரசினாக்கூடத் தாங்கல." சொல்கிறவர் உள்ளங்கையை விரித்து, தொடையின் பக்கவாட்டில் மேலிருந்து முழங்காலை நோக்கித் தடவிக் காட்டுவார். இதற்கு மூன்று பதில்கள் தயாராக இருக்கின்றன. ஐம்பது வயதைத் தாண்டியவர் என்றால் சுகர். பாரம் தூக்குகிறவர் என்றால் டிஸ்க். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் வாயு. மூன்றும் யாரோ சிலருக்கு உண்மையாக இருக்கக்கூடியவைதான். ஆனால் நோயாளியின் கை தடவிய தடத்தை அப்படியே தோலில் பேனாவால் வரைந்து பார்த்தால், அது பெரும்பாலும் ஒரே ஒரு நரம்பின் எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. அந்த எல்லைக்கோடு, அதைத் தாண்டிச் செய்யப்படும் பல பரிசோதனைகளைக் காட்டிலும் வலுவான சாட்சி என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

அந்த நரம்பைப் புறத்தொடைத் தோல் நரம்பு என்று அழைப்போம். இடுப்புப் பகுதி முதுகெலும்பின் இரண்டாம், மூன்றாம் நரம்பு வேர்களிலிருந்து அது பிறக்கிறது. முதுகெலும்பை ஒட்டி இறங்கும் சோவாஸ் தசையின் வெளி ஓரத்தில் தலைகாட்டி, இடுப்புக் கிண்ணத்தின் உட்புறச் சுவரை மூடியிருக்கும் இலியாக்கஸ் தசையின் மேல் சாய்வாக ஓடுகிறது. வலப்பக்கத்தில் பெருங்குடலின் தொடக்கத்துக்குப் பின்னால், இடப்பக்கத்தில் இறங்கு குடலுக்குப் பின்னால். இதுவரை அதற்கு ஆபத்து குறைவு. எலும்பும் தசையும் வயிற்று உறுப்புகளும் சுற்றிலும் காவல். சிக்கல் அடுத்த சில சென்டிமீட்டரில்தான் இருக்கிறது. இடுப்பின் முன்பக்கத்தில் கையை வைத்து அழுத்தினால் இருபுறமும் கூராகத் தட்டுப்படும் எலும்பு முனை ஒன்று உண்டு. அங்கிருந்து கவட்டையின் உட்பக்கம் வரை விறைப்பான நார்ப்பட்டை ஒன்று ஓடுகிறது. வயிற்றுக்கும் தொடைக்கும் அதுதான் எல்லை. நம் நரம்பு எலும்பு முனைக்குச் சற்று உள்ளே, பெரும்பாலும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தள்ளி, அந்தப் பட்டைக்கு அடியிலோ அதன் நார்களுக்கு ஊடாகவோ நுழைந்து தொடைக்கு வருகிறது. நுழையும்போது திசையும் மாறுகிறது: இடுப்புக்குள் முன்னோக்கிச் சாய்ந்து ஓடியது, தொடைக்கு வந்ததும் கீழ்நோக்கி வளைகிறது. வெளியே வந்தபின் சம்மணமிட உதவும் சார்டோரியஸ் தசையை ஒட்டிக் கடந்து இரண்டாகப் பிரிகிறது. முன்கிளை எலும்பு முனைக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே தோலடிக்கு வந்து, தொடையின் முன்-வெளிப்பக்கத்தை முழங்கால் வரை கவனிக்கிறது. பின்கிளை அதற்கு மேலேயே பிரிந்து, இடுப்பு மூட்டின் வெளிமேட்டிலிருந்து நடுத்தொடை வரை செல்கிறது.

இந்த நரம்பு எந்தத் தசையையும் இயக்குவதில்லை. தொடுகை, வலி, சூடு, குளிர் ஆகியவற்றின் செய்திகளை மேலே கொண்டுபோவதும், போகிற போக்கில் அந்தத் தோலின் வியர்வைக்கும் மயிர்க்கூச்சத்துக்குமான மெல்லிய இழைகளைச் சுமப்பதும்தான் அதன் வேலை. உடற்கூறு மாணவர்கள் ஒரு வரியில் படித்துக் கடந்துபோகும் செய்தி இது. நோயாளியின் படுக்கையருகே இதுவே முதல் துப்பு. இந்த நரம்பு நெரிபட்டால் எரியலாம், மரத்துப்போகலாம், குத்தலாம். கால் ஒருபோதும் பலம் குறையாது. முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டினால் கால் வழக்கம்போல் துள்ளும், மாடிப்படி ஏற முடியும், குத்தவைத்து எழ முடியும். எரிச்சலோடு பலக்குறைவும் சேர்ந்து வந்தால் தேட வேண்டிய இடமே வேறு.

மரத்துப்போன இடம் எப்படி எரியும்? பலர் இதைக் கேட்பதற்கே கூச்சப்படுகிறார்கள், தாங்கள் சொல்வது முரண்பாடாகத் தோன்றுமோ என்று. முரண்பாடு எதுவும் இல்லை. நரம்புக்குள் பருமனான இழைகளும் மெல்லிய இழைகளும் கலந்து கிடக்கின்றன. மென்தொடுகையைச் சுமக்கும் பருமனான இழைகளுக்கு மயலின் என்ற தடித்த உறை உண்டு. தொடர் அழுத்தம் முதலில் கெடுப்பது அந்த உறையை. உறை கெட்ட இழையில் செய்தி மெதுவாகப் போகிறது, அல்லது நின்றே விடுகிறது, தோல் மரக்கிறது. அதே நேரம் காயம்பட்ட இழைகள், யாரும் தொடாமலே, நெரிபட்ட இடத்திலிருந்து தாமாகவே துடிப்புகளை அனுப்பத் தொடங்குகின்றன. மூளைக்கு வந்து சேரும் துடிப்பு எந்த இடத்தில் கிளம்பியது என்று அறிய வழியில்லை. எந்த இழையின் வழியாக வந்தது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். உடலியலாளர் யோஹன்னஸ் முல்லர் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே சுட்டிக்காட்டிய உண்மை இதுதான்: நரம்பை எங்கே சீண்டினாலும், அது எந்த உணர்வுக்கு உரியதோ அந்த உணர்வே எழும். ஆகவே நெரிபடும் இடம் கவட்டை ஓரமாக இருந்தும் எரிவது தொடையாக இருக்கிறது. கன்னடியன் கால்வாயின் கடைமடை வயல் காய்ந்தால் விவசாயி அந்த வயலைத் தோண்டிக்கொண்டிருப்பதில்லை; அணைக்கட்டின் தலைமதகு வரை நடந்துபோய் அடைப்பைத் தேடுவார். தொடைக்குத் தைலம் தேய்ப்பதும் தொடையை ஸ்கேன் எடுப்பதும் கடைமடையைத் தோண்டுகிற வேலை.

எல்லைக்கோட்டை நம்பலாமா என்ற கேள்விக்கு நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு விசித்திரமான சோதனை விடை தருகிறது. லண்டன் நரம்பியல் மருத்துவர் ஹென்றி ஹெட், நோயாளிகள் சொல்லும் விவரங்கள் போதாது என்று கருதி, 1903 ஏப்ரலில் தன் இடது கையிலேயே தோல் நரம்புகளை வெட்டித் தைக்கச் செய்தார். அடுத்த நான்கு ஆண்டுகள், உணர்வு எங்கே போயிற்று, எப்போது எந்த வரிசையில் திரும்பியது என்று சளைக்காமல் வரைந்தார். ஊசியும் பஞ்சும் பனிக்கட்டியும் கொண்டு அவரைச் சோதித்தவர் கேம்பிரிட்ஜின் ரிவர்ஸ்; அதற்குச் சற்று முன்புதான், 1901-02-இல், நீலகிரியில் தோடர்களிடையே தங்கி அவர்களின் வாழ்வை ஆராய்ந்துவிட்டுத் திரும்பியிருந்தவர். 1908-இல் வெளியான அவர்களின் முடிவுகளில் கோட்பாட்டுப் பகுதி பிறகு பலரால் மறுக்கப்பட்டது, நியாயமாகவே. வரைபடம் நின்றது. ஒரு தோல் நரம்பு கெட்டால் மென்தொடுகை இழக்கப்படும் பரப்பு பெரிதாகவும், ஊசிக்குத்து உணர்வு இழக்கப்படும் பரப்பு அதற்குள் சிறிதாகவும் இருக்கும். வலியைச் சுமக்கும் அண்டை நரம்புகள் ஓரங்களில் ஒன்றின் மேல் ஒன்று அதிகம் படர்ந்திருப்பதே காரணம். பஞ்சுக்கு ஒரு கோடு, ஊசிக்கு அதன் உள்ளே இன்னொரு கோடு என்று தொடையில் கிடைத்தால், ஒற்றைத் தோல் நரம்பின் கையெழுத்து அது. தொடையோ மழுங்கிய தோல் ஆயிற்றே என்று கேட்கலாம். இரண்டு முனைகளை இரண்டாக உணர விரல் நுனிக்கு 2 மில்லிமீட்டர் இடைவெளி போதும், தொடைக்கு 4 சென்டிமீட்டர் வேண்டும். ஆனால் இங்கே கேட்பது இரண்டா ஒன்றா என்பதை அல்ல. தெரிகிறதா தெரியவில்லையா என்பதை. அதற்குத் தொடையின் தோல் நம்பகமானதே.

இந்த நோய் புதிதல்ல. ஜெர்மனியின் பெர்ன்ஹார்டும் ரஷ்யாவின் ரோத்தும் 1895-இல் தனித்தனியே விவரித்தார்கள். மெரால்ஜியா பாரஸ்தெடிக்கா என்று பெயரிட்டவர் ரோத். அதே ஆண்டில் வியன்னா மருத்துவர் ஒருவரும் தன் தொடையிலேயே இதை உணர்ந்து கட்டுரை எழுதினார். சிக்மண்ட் ஃபிராய்ட்தான் அவர், கனவுகளுக்குப் போவதற்கு முன்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு சுகரின் பெயரால் வரும், அதைத் தட்டிக்கழிக்க முடியாது. நீரிழிவு நரம்புகளைக் கெடுக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் வழக்கமான பாதை வேறு. மிக நீளமான இழைகளின் நுனிகள் முதலில் சாகின்றன. எனவே இரண்டு பாதங்களிலும் ஒரே சமயத்தில், விரல்களில் தொடங்கி, மெல்ல மேலேறி வருகிறது. கால் விரல்கள் நன்றாக இருக்க, ஒரு தொடையின் வெளிப்பக்கம் மட்டும் எரிவதை அந்தப் பாதையில் பொருத்த முடியாது. அதே சமயம், சுகரை முழுதாக விடுவிக்கவும் சான்று இடம்தரவில்லை. அமெரிக்காவின் ஓம்ஸ்டெட் மாவட்ட மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், மெரால்ஜியா ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் சுமார் 33 பேருக்கு வருவதாகவும், நீரிழிவு உள்ளவர்களிடம் அது 247 ஆக உயர்வதாகவும் கண்டார்கள். ஏழு மடங்குக்கு மேல். நீரிழிவால் ஏற்கெனவே நலிந்த நரம்பு, மற்றவர் நரம்பு தாங்கும் அழுத்தத்தைத் தாங்காமல் போகிறது என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். நீரிழிவோடு பெரும்பாலும் சேர்ந்தே வரும் தொப்பையும் தன் பங்குக்குக் கவட்டைப் பட்டையைக் கீழே இழுத்து அழுத்துகிறது. சுகர் இங்கே கூட்டாளி. நெரித்த கை வேறு.

டிஸ்க் பற்றிய மறுப்பு இன்னும் பிடிவாதமானது, ஏனென்றால் அதற்கு ஒரு படம் துணை நிற்கிறது. பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குப் போனாலும் தனியார் மையத்துக்குப் போனாலும் எம்.ஆர்.ஐ. இன்று எட்டும் தூரத்தில் இருக்கிறது. படத்தில் ஏதாவது ஒரு வட்டு பிதுங்கியிருப்பதும் பெரும்பாலும் நிச்சயம். அந்த நிச்சயம்தான் பிரச்சினை. முதுகுவலியே இல்லாதவர்களின் படங்களைத் தொகுத்து 2015-இல் வெளியான ஆய்வு, இருபது வயதினரில் 30 விழுக்காட்டினருக்கும் எண்பது வயதினரில் 84 விழுக்காட்டினருக்கும் வட்டுப் பிதுக்கம் இருப்பதாகக் காட்டியது. வலியில்லாதவர்களிடம் இவ்வளவு சாதாரணமாகக் கிடைக்கும் ஒன்று, தொடை எரிச்சலுக்குக் காரணம் என்று படம் பார்த்த மாத்திரத்தில் முடிவுகட்டுவது தர்க்கப்படி பலவீனமானது. உடற்கூறும் எதிர்த்தே நிற்கிறது. வட்டு விலகி நரம்பை அழுத்துவதில் சுமார் 95 விழுக்காடு இடுப்பு முதுகின் கடைசி இரண்டு இணைப்புகளில் நடக்கிறது. அங்கிருந்து கிளம்பும் வலி முழங்காலைத் தாண்டிப் பாதம் வரை போகும். புறத்தொடை எரிய வேண்டுமானால் அபூர்வமான மேல் வட்டு கெட வேண்டும். கெட்டால் அது தொடையின் வெளிப்பக்கத்தோடு நிற்காது, முன்பக்கமும் உட்பக்கமும் சேர்த்துப் பிடிக்கும், தொடையை மேலே தூக்கும் பலம் குறையும். பிதுக்கமும் இருக்கட்டும், எரிச்சலும் இருக்கட்டும். இரண்டையும் முடிச்சுப் போட இன்னொரு சாட்சி வேண்டும்.

நம் ஊரில் எழுப்பியே ஆகவேண்டிய ஐயம் வேறொன்று. மேலைநாட்டுப் பாடநூல்கள் அதை ஓரத்தில் சொல்லிவிட்டுப் போகும். தமிழ்நாட்டில் தோலில் ஓர் இடம் மரத்துப்போனால் முதலில் விலக்க வேண்டியது தொழுநோய். பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அது நீங்கிவிட்டது என்று இந்தியா 2005 டிசம்பரில் எட்டிய இலக்கு, பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற கணக்குதான். நோயே போய்விட்டது என்று பொருளல்ல, புது நோயாளிகள் இன்றும் வருகிறார்கள். இரண்டையும் பிரிப்பது எப்படி? தொழுநோய்த் தேமல் கண்ணுக்குத் தெரியும்: சுற்றியுள்ள தோலைவிட வெளிறி அல்லது சிவந்து, பலருக்கு ஓரம் தெளிவாக. அதன் எல்லை எந்த நரம்பின் எல்லையையும் மதிக்காது, ஏனென்றால் கிருமி தாக்குவது தோலுக்குள் இருக்கும் நுனி இழைகளை. பெரும்பாலும் அது எரிவதும் இல்லை. உணர்வே இல்லாததுதான் அதன் குணம். முழங்கையின் பின்புறமும் முழங்காலின் வெளிப்புறமும் தடவினால் தடித்த நரம்பு தட்டுப்படலாம். மெரால்ஜியாவில் தோலின் நிறம் மாறாது. ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. எரிச்சல் தாங்காமல் மாதக்கணக்கில் தேய்த்துத் தேய்த்துச் சிலருக்கு அந்த இடத்து மயிர் உதிர்ந்துபோகிறது. மயிர் உதிர்வு தொழுநோயின் அடையாளங்களில் ஒன்று. அரைகுறை வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றலாம். நிறத்தில் சிறு ஐயம் இருந்தாலும் தோல் மருத்துவரிடம் அனுப்புவதே சரி. எல்லைக்கோட்டு வாதம் அங்கே விட்டுக்கொடுத்தாக வேண்டும். தொழுநோய் என்று தெரிந்தாலும் கூட்டு மருந்து ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது.

இன்னொரு மறுப்பு உடற்கூறு மேசையிலிருந்தே வருகிறது: இந்த நரம்பு ஆளுக்கு ஆள் வேறுபடுகிறதே, அதன் வரைபடத்தை எப்படி நம்புவது? வேறுபடுவது உண்மை. 1997-இல் ஆஸ்மானும் டெல்லனும் 52 உடல்களில் 104 நரம்புகளைப் பிரித்துப் பார்த்து, அது தொடைக்குள் நுழையும் வழியை ஐந்து வகைகளாகப் பிரித்தார்கள். 4 விழுக்காட்டில் அது எலும்பு முனைக்குப் பின்னால், இடுப்பெலும்பின் விளிம்பின் மேலேயே ஏறி இறங்கியது. 27 விழுக்காட்டில் முனைக்கு முன்னால் கவட்டைப் பட்டையின் நார்களுக்கு ஊடாக. 23 விழுக்காட்டில் சார்டோரியஸ் தசையின் நாணுக்குள் பொதிந்து. மீதியில் இன்னும் உட்புறமாக, பட்டைக்கு அடியில். ஆனால் கவனியுங்கள்: மாறுவது வாசல். வாசலைக் கடந்தபின் அது போய்ச் சேரும் தோல் ஏறத்தாழ அதேதான். எனவே இந்த வேறுபாடு வரைபடத்தைக் குலைப்பதைவிட, வெகுநாளாக விளங்காத ஒன்றை விளக்குகிறது. ஒரே பெல்ட்டை ஒரே இறுக்கத்தில் கட்டும் இருவரில் ஒருவருக்கு மட்டும் தொடை எரிவது ஏன்? அவருடைய நரம்பு எலும்புக்கு மேலேயோ நாணுக்குள்ளேயோ வரும் வகையாக இருக்கலாம். மற்றவருடையது ஆழத்தில் பத்திரமாகப் போகலாம்.

அப்படியானால் இந்தப் பள்ளத்தாக்கில் எது நெரிக்கிறது? பழியை அவசரமாகத் தொழில் மேல் போடும் வழக்கம் நமக்கு உண்டு. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் மடியில் சொளகை வைத்து நாளெல்லாம் பீடி சுற்றும் பெண்களைப் பார்த்ததும், இந்த உட்கார்தல்தான் காரணம் என்று சொல்லத் தோன்றும். உடற்கூறு அதை அப்படியே ஏற்பதில்லை. இடுப்பு மடங்கும்போது இந்த நரம்பு தளர்கிறது. நெடுநேரம் நிற்பதும், காலைப் பின்னால் நீட்டி நடப்பதும்தான் அதைக் கவட்டைப் பட்டையில் இழுத்துப் பிடிக்கிறது. மெரால்ஜியா உள்ளவர்களில் பலர் உட்கார்ந்ததும் நிம்மதி அடைவது இதனால்தான். பத்தமடையில் பாய் நெய்யக் குத்தவைத்திருப்பவருக்கும், வயலில் குனிந்து நடவு செய்பவருக்கும் இதே கணக்கு. உட்கார்தல் குற்றவாளி ஆவது வேறொன்று சேரும்போது: மடிந்த வயிற்றுக்கும் தொடைக்கும் நடுவில் ஏதாவது இறுக்கமாகச் சிக்கிக்கொள்ளும்போது. பாவாடை நாடா வழக்கமாக இடுப்பெலும்புக்கு மேலே நிற்கிறது, அங்கே அது தோலைப் புண்ணாக்கினாலும் இந்த நரம்பைத் தொடாது. பேறுகாலத்தில் வயிறு பெருத்து நாடா வயிற்றுக்குக் கீழே இறங்கும்போதுதான் அது நேராக எலும்பு முனைக்கு வருகிறது. கவட்டைப் பட்டையும் அப்போது விறைத்து நிற்கிறது. கர்ப்பிணிகளிடம் மெரால்ஜியா அடிக்கடி தோன்றிப் பிரசவத்துக்குப் பின் தானாகவே மறைவது இதோடு பொருந்துகிறது. ஆண்களில் அதிகம் சந்தேகிக்க வேண்டியவர்கள் நின்றபடி உழைப்பவர்கள்: வேட்டி மேல் அகலமான பச்சை பெல்ட்டை இறுக்கிக் கடையில் நிற்பவர், கனமான இடுப்புப் பட்டையோடு வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் நாள் முழுக்க நிற்கும் காவலர், தோளில் மாட்டிய பை எலும்பு முனையில் இடித்துக்கொண்டே இருக்க பாபநாசம் பஸ்ஸில் முன்னும் பின்னும் போகும் நடத்துநர்.

சோதிப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். நோயாளியை ஒருக்களித்து, எரியும் பக்கம் மேலே இருக்கும்படி படுக்கவைத்து, இடுப்பெலும்பைக் கையால் கீழ்நோக்கி 45 விநாடி அழுத்திப் பிடித்தால் கவட்டைப் பட்டை தளரும். எரிச்சல் குறைந்தால் நெரிபடும் இடம் அங்கேதான். 2007-இல் வெளியான, சிறியதே ஆனாலும் கவனமான ஓர் ஆய்வில் இந்தச் சோதனை, நோய் உள்ளவர்களில் 95 விழுக்காட்டினரையும் இல்லாதவர்களில் 93 விழுக்காட்டினரையும் சரியாகப் பிரித்தது. இன்னும் உறுதி வேண்டுமானால் எலும்பு முனைக்கு உள்ளே மரப்பு மருந்தை ஊசியால் செலுத்திப் பார்க்கலாம். சிகிச்சையும் அடக்கமானதுதான்: பெல்ட்டையோ நாடாவையோ தளர்த்துவது, எடையைக் குறைப்பது, எரிச்சலுக்கு மாத்திரை, தேவைப்பட்டால் ஊசி. 1991-இல் வெளியான 277 நோயாளிகளின் தொகுப்பில் 91 விழுக்காட்டினர் கத்தி படாமலே தேறினார்கள். வாத நோய்களை எண்பதாக வகுத்த சித்த மருத்துவ மரபு பாளையங்கோட்டைக் கல்லூரியில் இன்றும் கற்பிக்கப்படுகிறது. தைலம் தேய்த்துத் தொடை சரியானது என்று சொல்கிறவர்களைப் பொய்யர்கள் என்று தள்ள வேண்டியதில்லை. பெரும்பாலோருக்குத் தானாகத் தணியும் நோயில், தணிவதற்கு முன் கடைசியாகச் செய்தது எதுவோ அதற்கே பெயர் போய்ச் சேரும். ஆங்கில மருந்துக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும்.

தேறாத சிலருக்கு அறுவை. கவட்டைப் பட்டையைத் தளர்த்தி நரம்பை விடுவிப்பது ஒரு வழி, நரம்பையே வெட்டிவிடுவது மற்றொன்று. வெட்டினால் எரிச்சல் போகும், தொடையின் ஒரு பகுதி நிரந்தரமாக மரத்துப்போகும். தசை எதுவும் இதை நம்பியில்லாததால் பலர் அந்தப் பேரத்துக்குச் சம்மதிக்கிறார்கள். அறுவை மருத்துவர்களே அறியாமல் இந்தப் பேரத்தைச் செய்துவிடுவதும் உண்டு: எலும்பு ஒட்டுக்காக இடுப்பெலும்பின் விளிம்பில் செதுக்கும்போதும், முன்பக்கமாக இடுப்பு மூட்டை மாற்றும்போதும் இந்த நரம்பு கத்தியின் வழியிலேயே கிடக்கிறது.

கடைசியாக, எல்லைக்கோடு சரியாக இருந்தும் விடை முடியாத ஒரு நிலை. பெல்ட் இல்லை, தொப்பை இல்லை, கர்ப்பம் இல்லை, சுகர் இல்லை, இடுப்பில் அறுவை நடந்ததில்லை. ஆனாலும் தொடை எரிகிறது, கூடவே எடை குறைகிறது அல்லது இரவில் அடிவயிறு வலிக்கிறது. நரம்பு கவட்டைக்கு வருமுன் இடுப்புக் கிண்ணத்துக்குள் ஓடும் தூரத்தை இப்போது நினைவுகூர வேண்டும்: அங்கே ஒரு கட்டியோ, சோவாஸ் தசையில் சீழோ, இரத்தக் கசிவோ அதை அழுத்தக்கூடும். முதுகெலும்பில் காசநோய் வந்து சோவாஸ் தசை வழியே சீழ் இறங்குவது நம் நாட்டு மருத்துவர்களுக்குப் பழக்கமான காட்சி. இவர்களுக்கு ஸ்கேன் கண்டிப்பாகத் தேவை. வட்டுகளை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாமல், அடிவயிற்றையும் இடுப்புக் கிண்ணத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும்.